பனங்காடையின் நீலம்: ஒழுங்கற்ற நுண்கட்டமைப்பு நிறங்களின் ஆய்வு வரலாற்றில் சி. வி. இராமன்

ஆய்வுச்சுருக்கம்

நிறமியின் துணையின்றி, பொருளின் நுண்ணிய அமைப்பினால் மட்டுமே தோன்றும் நிறம் ‘கட்டமைப்பு நிறம்’ எனப்படும். மயிற்பீலி இதற்குப் பலரும் அறிந்த சான்று. பீலியின் நிறம் சீராக அடுக்கப்பட்ட நுண்கோல்களால் உண்டாவது. ஆயின், சீரான அடுக்கு இல்லாத அமைப்புகளும் செறிந்த நிறத்தைத் தரவல்லவை. பனங்காடையின் இறகு அத்தகையது. இத்தகைய இறகுகளின் நீலம், வானின் நீலத்தைப் போன்ற ஒளிச்சிதறலால் மட்டுமே உண்டாகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அக்கருத்து போதாதென 1934-இல் எழுதியவர் சி. வி. இராமன். கடல்நீலம் (1921), திரவங்களின் எக்ஸ் கதிர்ச் சிதறல் (1923), பறவை இறகு (1934) ஆகிய அவருடைய மூன்று ஆய்வுகளையும் ஒருசேர வைத்து நோக்கி, ‘ஒழுங்கின்மை’ என்ற சொல்லின் பொருள் அறிவியலில் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டமைப்பு நிறம், பனங்காடை, மயிற்பீலி, சி. வி. இராமன், ஒளிச்சிதறல், குறுக்கீட்டு விளைவு, திருத்தணி

முன்னுரை

தமிழில் இராமனைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. 1921-ஆம் ஆண்டின் கப்பற்பயணம், கடலின் நீலம், 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட இராமன் விளைவு, 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு என்பன அத்தடத்தின் நிலைகள். அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள் அவர் நிறங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தமை, முதுமைக்கால ஈடுபாடு என்ற அளவில் ஓரிரு வரிகளில் முடிக்கப்படுகிறது. பறவையிறகு, சிப்பி, ஓபல் ஆகியவை பற்றிய அவருடைய கட்டுரைகள் தனித்தனிச் செய்திகளாகவே எஞ்சுகின்றன.

ஒழுங்கற்றுத் திரண்ட நுண்துகள்களிலிருந்து மங்காத நிறங்களை உருவாக்கும் முயற்சி இந்நூற்றாண்டில் தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையின் முன்வரலாற்றைத் தேடுவோர் 1934-ஆம் ஆண்டின் இறகுக் கட்டுரைக்குத் திரும்ப வேண்டியுள்ளது. அக்கட்டுரைக்கு உரிய இடம் எது, அதற்கு அளிக்கத்தகாத பெருமை எது என்ற இரண்டையும் வரையறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

எல்லை நிலத்தின் இரு பறவைகள்

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் திரளாக வருகின்றன. மூலவருக்கு எதிரே மயிலுக்கு மாறாக யானை வாகனம் அமைந்திருப்பது இத்தலத்தின் தனித்தன்மை. எனினும் காவடியை மயிற்பீலியால் அணிசெய்யும் மரபு இங்கும் உண்டு. பல்லாண்டு பழகிய பீலியிலும் அதன் நிறம் மங்குவதில்லை. அந்நிறம் சாயமன்று என்பதற்கு இது கண்ணெதிர்ச் சான்று.

1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு அதில் அடங்கிய திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலியோரின் எல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்நிலத்தில் மற்றொரு நீலப் பறவைக்கும் தனி மதிப்புண்டு. தமிழில் பனங்காடை என்றும், தெலுங்கில் பாலபிட்ட என்றும் பெயர்பெற்ற அப்பறவை, பிரிவினைக்கு முன்னைய ஆந்திரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையாக இருந்தது. இன்று தெலங்கானாவின் மாநிலப் பறவையாகத் தொடர்கிறது. விசயதசமியன்று அதனைக் காண்பது நற்குறி என்பது தெலுங்கு மக்களின் நம்பிக்கை.

மின்கம்பியில் அமர்ந்திருக்கையில் பழுப்பாகத் தோன்றும் பனங்காடை, சிறகு விரித்துப் பறக்கும்போது ஆழ்ந்த நீலமும் வெளிர்ந்த பசுநீலமும் பட்டைகளாக வெளிப்படும். மயிலின் நிறத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. மயிலின் கழுத்தும் பீலியும் பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறுபவை. பனங்காடையின் நீலமோ எப்பக்கம் நின்று நோக்கினும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். நெசவுத்தொழிலில் ‘மயில்கழுத்து’ என வழங்கும் நிறம், பாவுக்கும் ஊடைக்கும் வெவ்வேறு சாயநூல்களை இட்டு, கோணத்துக்கேற்ப நிறம் மாறும் தோற்றத்தை உண்டாக்குவது. திருத்தணி வட்டாரத்துப் பொதட்டூர்ப்பேட்டை போன்ற நெசவூர்களுக்கு அது பழகிய சொல். மாறும் நிறத்துக்கு மொழியில் தனிப்பெயர் அமைந்தது. மாறாத நீலமோ சாயநீலம் போலவே தோன்றுவதால் வியப்பை எழுப்பவில்லை. அறிவியல் வரலாற்றிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது.

ஒழுங்கின் நிறம்

மயிற்பீலி மேலைநாட்டு ஒளியியலின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 1665-இல் வெளிவந்த ‘மைக்ரோகிராபியா’ நூலில் இராபர்ட் ஹூக், நீரில் நனைந்த பீலி தன் நிறத்தை இழப்பதைக் குறித்தார். நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ‘ஆப்டிக்ஸ்’ நூலில் மயிலிறகின் நிறத்தை மெல்லிய ஏடுகளின் நிறத்தோடு ஒப்பிட்டார். மின்னணு நுண்ணோக்கியின் துணையுடன் 2003-இல் சாங்காய் ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் விரிவான அமைப்பை விளக்கினர். பீலியின் நுண்ணிழைகளில் மெலனின் கோல்கள் கெராட்டினோடு இணைந்து, பலகணியின் கம்பி வலை போன்ற சீரான அடுக்காக அமைந்துள்ளன. அடுத்தடுத்த கோல்களுக்கு இடைப்பட்ட தொலைவு நீலப்பகுதியில் ஏறத்தாழ 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய இடைவெளி மாற்றமே நிறத்தை மாற்றிவிடுகிறது.

சீரான அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளுள் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் உடையவை முகட்டோடு முகடு பொருந்தி வலுப்பெறுகின்றன. ஏனையவை ஒன்றையொன்று தணிக்கின்றன. இதுவே குறுக்கீட்டு விளைவு. கோணம் மாறினால் அலைகள் கடக்கும் பாதை மாறுகிறது; அதனால் நிறமும் மாறுகிறது. இதனின்று ஒரு பொதுக்கருத்து உருவாயிற்று: குறுக்கீட்டு விளைவுக்கு ஒழுங்கு வேண்டும், ஒழுங்குள்ள இடத்தில் நிறம் கோணத்தோடு மாறும், ஆதலால் கோணத்தோடு மாறாத நீலத்துக்குக் குறுக்கீடு காரணமாக இருக்க முடியாது. இவ்வாதத்தின் முதற்பகுதியில் உள்ள பிழை நெடுநாள் கண்டுகொள்ளப்படவில்லை.

டிண்டால் நீலத்தின் நெடிய ஆட்சி

மாறாத நீலத்துக்கு வேறொரு விளக்கம் தயாராக இருந்தது. நுண்துகள்கள் மிதக்கும் ஊடகத்தில் ஒளி செல்லும்போது நீலம் மிகுதியாகச் சிதறுவதை ஜான் டிண்டால் 1869-இல் காட்டினார். 1871-இல் இராலே பிரபு அதற்குக் கணித வடிவம் தந்தார். துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாயின், சிதறலின் செறிவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும். 400 நானோமீட்டர் ஊதா ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு மிகுதியாகச் சிதறும். இவ்விளக்கத்தை 1890-இல் ஜெர்மானிய விலங்கியலார் ஹெக்கர் நீல இறகுகளுக்குப் பொருத்தினார். இறகிழையின் உள்ளே கெராட்டினும் காற்றும் கலந்த கடற்பஞ்சு போன்ற பகுதி இருப்பது தெரிந்ததே. 1923-இல் அமெரிக்க வேதியியலார் மேசன் கட்டமைப்பு நிறங்கள் பற்றி விரிவாக ஆராய்ந்தபோதும் மாறாத நீலத்தை டிண்டால் வகையிலேயே சேர்த்தார்.

இவ்விளக்கத்துக்கு ஆதரவாகக் காட்டப்பட்ட சோதனைகள் வலுவானவையாகவே தோன்றின. தகுந்த திரவத்தில் இறகை ஊறவைத்தால் காற்றிடங்கள் நிரம்பி நீலம் மறைகிறது, நசுக்கினாலும் மறைகிறது, நீலச் சாயம் எதனையும் இறகிலிருந்து பிரித்தெடுக்க இயலவில்லை. ஆனால் இவை அனைத்தும் மெய்ப்பிப்பது ஒன்றையே: நிறம் சாயத்தால் வந்ததன்று, கட்டமைப்பால் வந்தது. அக்கட்டமைப்பில் துகள்கள் தனித்தனியே ஒளியைச் சிதறுகின்றனவா, கூட்டாகச் செயற்படுகின்றனவா என்ற வினாவுக்கு இச்சோதனைகளில் விடை இல்லை.

இராலேயின் விதி ஒரு நிபந்தனையைக் கொண்டது. துகள்கள் ஒன்றையொன்று சாராமல், எங்கு வேண்டுமாயினும் அமையக்கூடியனவாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு துகளின் சிதறலையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட முடியும். விதி சரியானால், அலைநீளம் குறையக் குறையச் சிதறல் ஏறிக்கொண்டே செல்லவேண்டும். பனங்காடையின் ஒரே சிறகில் ஆழ்நீலமும் பசுநீலமும் தெளிவாகப் பிரிந்து நிற்பதை அவ்விதி எளிதில் விளக்காது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் ஓர் அளவுகோல் இறகினுள்ளேயே இருக்கவேண்டும்.

கடலிலிருந்து இறகுக்கு

1921-இல் ஐரோப்பாவிலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிய இராமன், கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்ற இராலேயின் கருத்தை மறுத்தார். நிக்கல் பட்டகத்தின் வழியாக நோக்கி, மேற்பரப்பு எதிரொளிப்பை நீக்கியபோதும் நீலம் எஞ்சியது. நீரே ஒளியைச் சிதறுகிறது என்பது அவர் முடிவு. பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு இவ்வளவே. ஆனால் இம்முடிவில் மற்றொரு நுட்பம் அடங்கியிருந்தது. திரவத்தில் மூலக்கூறுகள் நெருங்கியிருப்பதால் அவை தனித்தனியே சிதறுவதாகக் கொண்டு கூட்டினால் விடை பிழைபடும். ஆதலால் அடர்த்தியின் ஏற்ற இறக்கங்களை அடிப்படையாகக் கொண்ட ஸ்மோலுகோவ்ஸ்கி, ஐன்ஸ்டைன் ஆகியோரின் கோட்பாட்டை இராமன் கையாண்டார். நெருங்கிய கூட்டத்தில் ஒன்றின் இடம் மற்றொன்றின் இடத்தைக் கட்டுப்படுத்தும் என்பது அதன் உட்பொருள்.

இவ்வுட்பொருள் 1923-இல் மேலும் தெளிவுபெற்றது. அவ்வாண்டில் இராமனும் கே. ஆர். இராமநாதனும் திரவங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறும் முறையை ஆராய்ந்தனர். படிகத்தின் வழியே செல்லும் எக்ஸ் கதிர் கூரிய புள்ளிகளைத் தரும். திரவம் புள்ளிகளைத் தராது. ஆனால் மங்கலான வளையம் ஒன்றைத் தரும். முற்றிலும் ஒழுங்கற்ற கூட்டமாயின் அவ்வளையத்துக்கு இடமில்லை. திரவ மூலக்கூறுகளுக்கு நெடுந்தொலைவு ஒழுங்கு இல்லை. எனினும் அண்டையிலுள்ள மூலக்கூறுகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ ஒரே அளவினது. திருவிழாக் கூட்டத்தில் வரிசை இல்லை. ஆயினும் ஒருவருக்கும் அவரை அடுத்து நிற்பவருக்கும் உள்ள இடைவெளி பெரிதும் மாறுவதில்லை. இக்குறுந்தொலைவு ஒழுங்கின் அடையாளமே வளையம்.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த இராமன், 1934-இல் இந்திய அறிவியல் கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். அதன் ஆய்விதழின் முதல் தொகுதி, பறவையிறகு நிறங்களின் தோற்றம் பற்றிய அவருடைய கட்டுரையோடு தொடங்குகிறது. அதில் அவர் ஆராய்ந்த முதன்மைப் பொருள் பனங்காடையின் இறகு. அதனை நுண்ணோக்கியில் நோக்கிய அவர், டிண்டால் விளக்கம் போதுமானதன்று என்று முடிவுசெய்தார். ஒளிச்சிதறலால் உலகப்புகழ் பெற்றவரே, இறகின் நீலத்துக்குத் தனித்துகள் சிதறல் போதாதென எழுதியது கருதத்தக்கது. கடலில் இராலேயின் சிதறலை நீருக்குள்ளும் விரித்தவர், இறகில் அதன் எல்லையைச் சுட்டினார்.

இம்மூன்று ஆய்வுகளும் இன்று ஒரே கொள்கையின் மூன்று அளவுகளாகத் தெரிகின்றன. நீர் மூலக்கூறுகளின் இடைவெளி காணொளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியது. ஆகவே அண்மை ஒழுங்கு சிதறலைக் குறைக்கிறதேயன்றி அதன் நிறப்போக்கை மாற்றுவதில்லை. அதே மூலக்கூறுகளின் முன் எக்ஸ் கதிரின் அலைநீளம் இடைவெளியோடு ஒப்பிடத்தக்கதாகிறது, வளையம் தோன்றுகிறது. இறகிலோ இடைவெளி ஏறத்தாழ 200 நானோமீட்டர். காணொளியே அதனோடு ஒப்பிடத்தக்கது. எனவே, எக்ஸ் கதிருக்கு வளையமாகத் தெரிந்தது கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது.

சான்று கிடைத்த வரலாறு

1934-இல் இதனை நேரடியாக நிறுவக் கருவி இல்லை. சாதாரண நுண்ணோக்கியால் ஒளியின் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான நுணுக்கங்களைப் பிரித்துக்காட்ட இயலாது. 1939-இல் ஜெர்மனியில் ஃபிராங்க், ரூஸ்கா ஆகிய இருவர் நீல இறகை மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினர். 1971-இல் டென்மார்க்கின் யான் டிக் கிளியினப் பறவையொன்றின் இறகுகளை அளந்து, அவை திருப்பும் ஒளி இராலே விதிப்படி ஏறிச் செல்லாமல் ஓர் அலைநீளத்தில் உச்சம் பெறுவதைக் காட்டினார். எனினும் பாடநூல்களில் டிண்டால் நீலமே நீடித்தது.

1998-இல் ரிச்சர்ட் பிரம், டிக் உள்ளிட்ட நால்வர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை மாற்றியது. அமெரிக்க வெப்பமண்டலக் கொட்டிங்காப் பறவையின் இறகிழையை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து, அப்படத்தை ஃபூரியர் கணிதமுறைக்கு உட்படுத்தினர். கண்ணுக்குக் குழப்பமாகத் தோன்றிய பஞ்சமைப்பு, கணிதத்தில் தெளிவான வளையத்தைத் தந்தது. எத்திசையிலும் ஒரே இடைவெளி. ஆகவே எக்கோணத்திலும் ஒரே நிறம். 2012-இல் வினோத்குமார் சரநாதனும் உடன் ஆய்வாளர்களும் 230 பறவை இனங்களின் இறகிழைகளை எக்ஸ் கதிரால் சோதித்தபோது, திரவங்களுக்கு உரிய வளைய வடிவமே அவற்றில் பரவலாகக் கிடைத்தது. திரவத்தின் அண்மை ஒழுங்கைக் காட்டிய கதிரே, 89 ஆண்டுகளுக்குப் பின் இறகின் அண்மை ஒழுங்கையும் காட்டியது.

நிறத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள உறவை எளிய கணக்கால் உணரலாம். நேரெதிரே திரும்பும் ஒளியில் வலுப்பெறும் அலைநீளம், இடைவெளியையும் ஊடகத்தின் சராசரி ஒளிவிலகல் எண்ணையும் பெருக்கிய தொகையின் இருமடங்கு. விலகல் எண் 1.25, இடைவெளி 190 நானோமீட்டர் எனக் கொண்டால் 475 நானோமீட்டர் கிடைக்கும், அது நீலம்.

ஆய்வகத்தில் ஒழுங்கின்மை

இறகின் பாடம் ஆய்வகத்துக்கு மாறியபோது முதலில் எழுந்த சிக்கல், ஒழுங்கின்மையை உருவாக்குவதே. ஒரே அளவுடைய நுண்ணுருண்டைகள் மெல்லக் குடியமரும்போது தாமாகவே படிகமாக அடுங்கிவிடும். 2010-இல் யேல் ஆய்வாளர்கள் இருவேறு அளவுள்ள பாலிஸ்டைரின் உருண்டைகளைக் கலந்து அடுக்கைக் குலைத்தனர். கோணத்தோடு மாறாத நீலம் கிடைத்தது.

இரண்டாவது சிக்கல் வெண்மை. ஒளி பலமுறை சிதறினால் எல்லா அலைநீளங்களும் கலந்து நிறம் வெளிறிவிடும். பறவையில் பஞ்சமைப்பின் அடியில் உள்ள கருநிற மெலனின் அவ்வெள்ளொளியை உறிஞ்சிக்கொள்கிறது. மெலனின் இல்லாத பறவையில் அமைப்பு இருந்தும் நீலம் வெளுத்துப்போவது இதனாலே. ஜப்பானில் நகோயாப் பல்கலைக்கழகத்தின் தகேவோகா குழுவினர் சிலிக்கா நுண்துகள்களோடு சிறிதளவு கரித்துகளைச் சேர்த்து, வெண்பொடியைச் செறிந்த வண்ணமாக்கினர்.

மூன்றாவது சிக்கல் சிவப்பு. இடைவெளியைப் பெரிதாக்கினால் சிவப்பு வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வந்தது மங்கிய ஊதா கலந்த நிறம். 2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாக்கிரியாடு, வினோதன் மனோகரன் முதலியோர் காரணத்தை விளக்கினர். துகள்களின் கூட்டமைப்பு சிவப்பை வலுப்படுத்தும்போதே, ஒவ்வொரு தனித்துகளும் நீலத்தைப் பின்னோக்கிச் சிதறுகிறது. இரண்டும் கலந்து தூய சிவப்பைக் கெடுக்கின்றன. பறவைகளும் இவ்வகையில் சிவப்பை ஆக்குவதில்லை. அதற்கு நிறமியையே நாடுகின்றன. கூட்டுச் செயலே நிறத்தைத் தருகிறது என்ற கொள்கை வெற்றிபெற்ற பின், தனித்துகளின் சிதறல் சிவப்பில் மீண்டும் தலைகாட்டியமை இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பம்.

வரலாற்று மதிப்பீடு

இவற்றைக் கொண்டு இராமனை இத்துறையின் தந்தை என அழைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1934-ஆம் ஆண்டின் மறுப்பு சரியானது; அதற்கான நேர்ச்சான்று பிறருடைய உழைப்பால் வந்தது. அவருடைய மறுப்புகளைத் தொடர்ந்த விளக்கங்கள் யாவும் நிலைக்கவும் இல்லை. 1953-இல் இராமனும் ஜெயராமனும் ஓபலின் நிறத்துக்கு வேறுபட்ட படிக ஏடுகளின் அடுக்கைக் காரணமாகக் கூறினர். 1964-இல் ஆஸ்திரேலியாவின் சாண்டர்ஸ் மின்னணு நுண்ணோக்கியில் கண்டது சீராக அடுங்கிய சிலிக்கா உருண்டைகளை. குறுக்கீட்டு விளைவே காரணம் என்பது நிலைத்தது. இராமன் கருதிய ஏடுகள் நிலைக்கவில்லை.

ஆயின், அவருடைய ஐயம் தற்செயலானது என ஒதுக்குவதும் பொருந்தாது. நெருங்கிய கூட்டத்தைத் தனித்துகள்களின் கூட்டுத்தொகையாகக் கொள்ளலாகாது என்பதைக் கடலிலும் திரவத்திலும் கையாண்ட பயிற்சி அவருக்கு இருந்தது. அப்பயிற்சி உடைய ஒருவர் பனங்காடையின் இறகை நோக்கியதே 1934-ஆம் ஆண்டுக் கட்டுரையின் சிறப்பு. ஆகவே அதனை அவருடைய சிதறல் ஆய்வுகளின் தொடர்ச்சியாகப் படிப்பதே முறை. ஓய்வுநேர விருப்பமாகப் படிப்பது முறையன்று.

முடிவுரை

ஒழுங்கு, ஒழுங்கின்மை என்ற இருமைக்குள் நிறத்தை அடக்கியதால் மாறாத நீலம் நூறாண்டுக்கு மேல் தவறாக விளக்கப்பட்டது. அவ்விரண்டுக்கும் நடுவே குறுந்தொலைவு ஒழுங்கு என்ற மூன்றாம் நிலை உண்டு. திரவத்தில் அது 1923-இலேயே அறியப்பட்டது; இறகில் அது உறுதிப்பட 1998 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இயற்பியலும் பறவையியலும் தனித்தனியே நடந்ததன் விலை இது.

திருத்தணி மலையடிவாரத்தில் காவடியின் பீலியும் வயலோரக் கம்பியிலிருந்து எழும் பனங்காடையும் ஒருங்கே காணக்கிடைப்பவை. மயிலைப் பற்றிய கட்டமைப்பு நிற விளக்கம் தமிழ்ப் பாடநூல்களிலும் அறிவியல் நூல்களிலும் இடம்பெறும்போது, பனங்காடையும் அதனருகே வைத்துக் கற்பிக்கப்படவேண்டும். இராமனின் நிற ஆய்வுகள் முழுவதையும் கால வரிசையில் தமிழில் மதிப்பிடும் பணி அதற்குத் துணைநிற்கும்.